மோட்டார்ஹோமா, டிராவல் டிரெய்லரா? சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும், உதவி ப்ளீஸ்

பிளானோ_பையன்
வணக்கம் மக்களே. சம்மர் லீவுக்குக் குடும்பத்தோட யெல்லோஸ்டோன் போறோம். மோட்டார்ஹோம் (தானே ஓடற வீட்டு வண்டி) வாங்குறதா, டிராவல் டிரெய்லர் (வண்டியால இழுக்கற வீடு) வாங்குறதான்னு வீட்ல பட்டிமன்றம் ஓடுது. ஒரு டீலர்கிட்ட 26 அடி பங்க்ஹவுஸ் (அடுக்குப் படுக்கை உள்ள) டிரெய்லர் பாத்தோம், சூப்பரா இருந்துச்சு. எங்க வண்டில ஹிட்ச் (டிரெய்லர் மாட்டற அமைப்பு) ஏற்கெனவே இருக்கு, தாராளமா இழுக்கும்னு சொன்னாங்க. சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுண்ட் உண்டாம். எது பெட்டர்? சீக்கிரம் சொல்லுங்க.

ஹூஸ்டன்_மாமா
என்ன வண்டி தம்பி?

டென்வர்_தமிழ்
எத்தனை பேர்? பசங்க வயசு என்ன? வருஷத்துக்கு எத்தனை தடவை போவீங்க? நிறுத்த வீட்ல இடம் இருக்கா? இதெல்லாம் சொல்லாம "எது பெட்டர்"னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

ஆர்வி_வாத்தியார்
இதே கேள்வி மாதந்தோறும் வருகிறது. தேடல் பெட்டியைப் பயன்படுத்தும் பழக்கம் நம் மக்களுக்கு எப்போது வருமோ. சுருக்கமாகச் சொல்கிறேன்: டிரெய்லர்தான். மோட்டார்ஹோம் என்றால் இன்னொரு என்ஜின், இன்னொரு கியர்பாக்ஸ், ஆறு டயர், முழு வண்டி இன்சூரன்ஸ், வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்கும். அது பழுதானால் உங்கள் படுக்கையறையும் சேர்ந்து மெக்கானிக் ஷெட்டில் நிற்கும். டிரெய்லர் பழுதானால் காரில் வீட்டுக்குப் போகலாம். ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்குங்கள், வேலை முடிந்தது.

ஸ்பானர்_செல்வம்
வாத்தியாரே, வண்டி என்னன்னே தெரியாம எஃப்-150 வாங்கச் சொல்றீங்க. ஆறு பேர்னா என்ன பண்ணுவாங்க? நடுவுல கன்சோல் வெச்ச எஃப்-150-ல அஞ்சு பேர்தான் உக்கார முடியும். ஆறாவது ஆளுக்கு முன்னாடி பெஞ்ச் சீட் உள்ள மாடல் தேடணும்.

பிளானோ_பையன்
சாரி, ஆபீஸ்ல இருந்து அவசரமா போட்டேன். டொயோட்டா ஹைலேண்டர், 2021. நாங்க ரெண்டு பேர், பையன் 8, பொண்ணு 5, ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. ஹைலேண்டர் 5,000 பவுண்டு இழுக்கும்னு நெட்ல போட்டிருக்கு. டிரெய்லர் 4,900 தான். கணக்கு சரியா வருதே?

ஹூஸ்டன்_மாமா
4,900 எந்த எடை? டிரை வெயிட்டா (காலி எடை), ஜிவிடபிள்யூஆரா (சாமானோட சேர்த்து தாண்டக் கூடாத எடை)?

ஸ்பானர்_செல்வம்
26 அடி பங்க்ஹவுஸ் 4,900-ன்னா அது டிரை வெயிட்தான், சந்தேகமே வேண்டாம். தண்ணி, சாமான், பாத்திரம், போர்வை எதுவும் அதுல இல்ல. பல கம்பெனில பேட்டரியும் கேஸும்கூட அந்தக் கணக்குல வராது. 40 கேலன் தண்ணி மட்டும் 330 பவுண்டுக்கு மேல. இந்த சைஸுக்கு ஜிவிடபிள்யூஆர் 6,500-ல இருந்து 7,500 வரைக்கும் இருக்கும். குடும்பத்தோட கிளம்பினா 6,000-ஐத் தாண்டாம நிக்காது. வாங்கறப்ப ஜிவிடபிள்யூஆர் எண்ணை வெச்சுத்தான் யோசிக்கணும்.

இன்னொண்ணு. 5,000-ங்கறது வண்டில ரெண்டே பேர், தலைக்கு 150 பவுண்டு, கூட சாமான் ஒண்ணும் இல்லைன்னு வெச்சு எடுத்த கணக்கு. ஆறு பேரும் பெட்டியும் ஏறினா அது அப்பவே குறைஞ்சுடும்.

டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரி. அந்த எண்ணைப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம், ஹைலேண்டர் ஹைப்ரிடா, வி6-ஆ?

பிளானோ_பையன்
ஹைப்ரிட். ஏன், வித்தியாசம் இருக்கா? ஸ்டிக்கர்ல 1,310-னு இருக்கு.

டென்வர்_தமிழ்
அய்யய்யோ. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே ப்ரோ. 5,000 என்பது வி6-க்கு. ஹைப்ரிட்டுக்கு 3,500 தான். டீலர் பாத்தது ஹிட்ச்சை, வண்டியை இல்ல.

ஸ்பானர்_செல்வம்
அந்த ஹிட்ச் எதுக்குப் போட்டது? சைக்கிள் ரேக்குக்கா? சதுர ஓட்டை ஒண்ணேகால் இன்ச்சா, ரெண்டு இன்ச்சா? லைட் பிளக் தட்டையா 4 பின்னா, வட்டமா 7 பின்னா?

பிளானோ_பையன்
சைக்கிள் ரேக்குக்குப் போட்டதுதான். பிளக் எதுவும் இல்ல.

ஸ்பானர்_செல்வம்
அப்ப டிரெய்லர் பிரேக்குக்கே வழி இல்ல. 7 பின் வயரிங், உள்ள பிரேக் கன்ட்ரோலர், ரெண்டும் வேணும். எல்லாம் போட்டாலும் 3,500 அப்படியேதான் நிக்கும். சரி, கணக்கைப் பாருங்க. பெரியவங்க நாலு பேர் 600, பசங்க ரெண்டு பேரும் சீட்டோட 130. 1,310-ல மிச்சம் 580. டிரெய்லர் மொத்த எடைல 10-ல இருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல உக்காரணும். 6,500 பவுண்டு டிரெய்லருக்கு 12 சதவீதம்னா 780. பெட்டி ஒண்ணுகூட ஏத்தாமலே 200 கூடுதல். இது பின்பக்கம் அமுங்கறதோட முடியற விஷயம் இல்ல. பின்னாடி அமுங்கினா முன் டயர்ல பாரம் குறையும், ஸ்டீயரிங் லேசாகும், பக்கத்துல ஒரு லாரி கடந்து போனா டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். நீங்க போற யுஎஸ் 287, அமரில்லோ வழி, காத்துக்குப் பேர் போன ரோடு.

சேலம்_டு_சான்ஆன்டோனியோ
வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டா சரியாயிடும். என் நண்பர் அப்படித்தான் இழுக்கிறார்.

ஆர்வி_வாத்தியார்
அது பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்குமே தவிர, வண்டியின் வரம்பை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. அடிப்படை.

சேலம்_டு_சான்ஆன்டோனியோ
ஹிட்ச் ஸ்டிக்கர்லயே ரெண்டு எண் போட்டிருக்கே சார், டிஸ்ட்ரிபியூஷன் இருந்தா ஒண்ணு, இல்லாட்டி ஒண்ணுன்னு. அடிப்படை தெரிஞ்சவங்க அதையும் படிக்கணும்.

ஸ்பானர்_செல்வம்
ரெண்டு பேர் சொல்றதும் சரி. அந்த ரெண்டு எண்ணும் ரிசீவர் (ஹிட்ச்சோட சதுர ஓட்டை உள்ள பாகம்) இரும்போட தாங்குதிறன். வண்டியோட வரம்பு தனி. ரெண்டுல எது குறைவோ அதுதான் உங்க வரம்பு. இத்தோட விடுங்க.

பிளானோ_பையன்
அப்ப 3,500-க்குள்ள வர்ற சின்ன டிரெய்லர் வாங்கலாமா?

டென்வர்_தமிழ்
ஜிவிடபிள்யூஆர் 3,500-ன்னா பெரும்பாலும் 16-18 அடி, ஒத்தை அச்சு, படுக்க ரெண்டுல இருந்து நாலு பேர். ஆறு பேர் படுக்கணும்னா பாப்அப்தான், அதாவது துணி விரியற டிரெய்லர். அங்கதான் சிக்கல். யெல்லோஸ்டோன் உள்ள கரண்ட், தண்ணி, கழிவு மூணும் இணைப்பா கிடைக்கிற ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க். கரடி நடமாட்டம் உள்ள இடம்கறதால கெட்டியான சுவர் உள்ள வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, துணி வெச்ச எதுக்கும் இல்ல. பார்க் உள்ள இருக்கற மத்த கேம்ப்கிரவுண்டுகள் மேடிசன், கேன்யன், கிரான்ட் வில்லேஜ்ல பாப்அப் போடலாம், ஆனா இணைப்பு எதுவும் இல்ல.

வண்டி முடிவு பண்றதுக்கு முன்னாடி தங்கற சைட் புக் ஆயிடுச்சான்னு பாருங்க. பலர் தலைகீழா பண்றாங்க.

ஹூஸ்டன்_மாமா
தம்பி, பேசாம ஒரு கிளாஸ் சி மோட்டார்ஹோம் வாடகைக்கு எடு. ஃபோர்டு ஈ-450 மேல கட்டின 28-30 அடி வண்டி. சாதாரண லைசென்ஸ் போதும். எதையும் இழுக்க வேண்டாம். போற வழியில அம்மா அப்பாவுக்கு பாத்ரூம் கூடவே வரும், வயசானவங்களுக்கு அது பெரிய விஷயம். டிரெய்லர்னா ஓடறப்ப உள்ள யாரும் உக்காரக் கூடாது, எல்லாரும் இழுக்கற வண்டிலதான்.

பெட்ரோல்னு பயப்படாதே. கிளாஸ் சி கேலனுக்கு 8-10 மைல். போக வர, உள்ள சுத்த, எல்லாம் 3,000 மைல்னு வெச்சா 330 கேலன் சொச்சம். பெரிய டிரெய்லரை இழுக்கற வண்டியும் கிட்டத்தட்ட அதே 10 தான் கொடுக்கும்.

காரைக்குடி_ஆச்சி
சீட் விஷயத்தை யாரும் சொல்லலையே. கிளாஸ் சி-ல முன்னாடி ரெண்டு, டைனெட்ல (சாப்பாட்டு மேசை சீட்) முன்னோக்கி ரெண்டு, பின்னோக்கி ரெண்டு, பக்கவாட்டு சோபா. குழந்தை சீட்டை முன்னோக்கிய இடத்துல மட்டும்தான் வெக்கணும். சோபாவுல வைக்கவே கூடாது. டைனெட்ல நிறைய வண்டிகள்ல இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கு. பூஸ்டர் சீட்டுக்குத் தோள் பெல்ட் கட்டாயம், இடுப்பு பெல்ட்டோட அதைப் போடக் கூடாது. அதனால 5 வயசுப் பொண்ணுக்கு அஞ்சு முனை ஹார்னஸ் சீட் எடுத்துட்டுப் போங்க தம்பி, அது இடுப்பு பெல்ட்ல நிக்கும். டெதர் கொக்கி (குழந்தை சீட்டோட மேல் பட்டையை மாட்டறது) இருக்கான்னு வாடகைக்காரங்ககிட்ட கேட்டு, போட்டோ வாங்கிப் பாருங்க. டெக்சாஸ்ல 8 வயசுக்குள்ள, 4 அடி 9 இன்ச்சை எட்டாத குழந்தைக்கு சீட் கட்டாயம். அதோட டைனெட் அடியில இருக்கறது பெரும்பாலும் பிளைவுட். கார் சீட் மாதிரி நினைக்காதீங்க.

பிளானோ_பையன்
ரொம்ப நன்றி அக்கா, இது தெரியவே தெரியாது. சமையல் எப்படி? அம்மா இண்டக்‌ஷன் ஸ்டவ்வும் சின்ன கிரைண்டரும் எடுத்துட்டு வரணும்னு நிக்கிறாங்க.

காரைக்குடி_ஆச்சி
கிரைண்டர் வேண்டாம். மாவு அரைச்சு ஃப்ரீசர்ல வெச்சுக் கொண்டு போங்க. இண்டக்‌ஷன் எடுத்துக்கோங்க, உள்ள தாளிச்சா கேஸைவிட நல்லது.

ஆர்வி_வாத்தியார்
30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட். ஏசி 13 ஆம்பியர், இண்டக்‌ஷன் 15, கரண்டில் ஓடும் ஃப்ரிட்ஜ் 3. கூட்டிப் பாருங்கள். பிரேக்கர் விழும். இண்டக்‌ஷன் என்பதே அறிவின்மை, வண்டியில் கேஸ் அடுப்பு எதற்கு இருக்கிறது?

காரைக்குடி_ஆச்சி
ஏசியை அஞ்சு நிமிஷம் அணைக்கத் தெரியாதா வாத்தியாரே? யெல்லோஸ்டோன் ஏரிக்கரை 7,700 அடி உயரம், ஜூலைலயும் ராத்திரி போர்வை வேணும். அங்க ஏசி யார் போடப் போறா? அமரில்லோல நிக்கற ராத்திரிக்கு மட்டும் கேஸ்ல வெச்சுக்கட்டும்.

ஆர்வி_வாத்தியார்
வாட்டர் ஹீட்டரின் மின்சார சுவிட்ச் ஆனில் இருந்தால் ஏசி இல்லாமலேயே 12 ஆம்பியர் போகும். அதையும் அணைக்கச் சொல்லுங்கள்.

காரைக்குடி_ஆச்சி
அதை கேஸுக்கு மாத்தினா போச்சு.

சேலம்_டு_சான்ஆன்டோனியோ
50 ஆம்பியர் சைட் எடுத்தா இந்தப் பிரச்சினையே இல்ல.

ஸ்பானர்_செல்வம்
சைட் 50-ஆ இருந்தா போதாது, வண்டியும் 50 ஆம்பியரா இருக்கணும். வாடகைக்கு வர்ற கிளாஸ் சி பெரும்பாலும் 30. டாக்போன் அடாப்டர் (50 சாக்கெட்ல 30 வண்டியை இணைக்கறது) மாட்டினாலும் உள்ள மெயின் பிரேக்கர் 30 தான்.

டென்வர்_தமிழ்
கரண்டை விடுங்க, குக்கர் கட்டாயம். அந்த உயரத்துல தண்ணி 92 டிகிரிலயே கொதிச்சிடும், திறந்த பாத்திரத்துல துவரம்பருப்பு வேகாது. வெளில சமைச்சா உடனே எல்லாத்தையும் உள்ள எடுத்து வைக்கணும். சாப்பாட்டையோ ஸ்டவ்வையோ ஆள் இல்லாம வெளில விடறது பார்க் விதிப்படி தப்பு, கரடிதான் காரணம். உள்ள தாளிச்சா ஸ்மோக் அலாரம் அலறும். அலாரத்தோட பேட்டரியைக் கழட்டாதீங்க, மேல இருக்கற வென்ட் ஃபேனைப் போட்டு ஒரு ஜன்னலைத் திறங்க.

ஹூஸ்டன்_மாமா
அதைவிட முக்கியமானது கக்கூஸ் டேங்க். நம்ம வீட்டுப் பெரியவங்க மக் தண்ணி இல்லாம இருக்க மாட்டாங்க. பிளாக் டேங்க் 30-40 கேலன்தான். ஆறு பேர், ஃபிளஷ்ஷும் மக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு முக்கால் கேலன்னு வெச்சா ரெண்டு நாள்ல நிறையும். தண்ணி அதிகம் போறது டேங்குக்கு நல்லதுதான், கெட்டிப்படாது. ஆனா கழிவு இணைப்பு இருக்கேன்னு பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதே. தண்ணி ஓடிடும், மத்தது உள்ளயே குமிஞ்சு காஞ்சு கல்லாயிடும். மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்சதும் பிளாக்கைத் திற, அது முடிஞ்சப்புறம் கிரே டேங்க் (சிங்க், குளியல் தண்ணி). அந்தச் சோப்புத் தண்ணி ஹோஸைக் கழுவிடும். சாம்பார் எண்ணெய், அரிசி எதையும் சிங்க்ல ஊத்தாதீங்க.

ஆர்வி_வாத்தியார்
எல்லோரும் வாடகைக்குத் தள்ளுகிறீர்கள். கிளாஸ் சி-யில் சென்று முகாமிட்டால், ஒவ்வொரு நாளும் ஹோஸ், கரண்ட் எல்லாம் கழற்றி, வீட்டையே ஓட்டிக்கொண்டு 142 மைல் கிராண்ட் லூப் சுற்ற வேண்டும். மிட்வே கெய்சர், நாரிஸ் பார்க்கிங்கில் 30 அடி வண்டிக்கு இடம் தேடிப் பாருங்கள். டிரெய்லர் என்றால் கழற்றிவிட்டுக் காரில் சுற்றலாம். கிளேசியர் நேஷனல் பார்க் பக்கம் போனால் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் அனுமதியே இல்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

டென்வர்_தமிழ்
இது நியாயமான பாயின்ட், வாத்தியார் சொல்றது சரி. வழி ரெண்டு. ஹைலேண்டரை யாராவது பின்னாடியே தனியா ஓட்டிட்டு வரலாம், அப்படி வந்தா பெல்ட் பிரச்சினையும் தீரும், பசங்க கார்லயே வரலாம். இல்லைன்னா அங்க போய் ரெண்டு நாளைக்கு வாடகைக் கார். ஹைலேண்டரை நாலு சக்கரமும் தரையில உருள கட்டி இழுக்கக் கூடாது, அதுக்கு டொயோட்டா அனுமதி இல்ல. வாடகைக் கம்பெனிங்களும் பெரும்பாலும் இழுக்க விடாது.

ஸ்பானர்_செல்வம்
வாங்கறதா இருந்தா இன்னும் ரெண்டு. பிளானோ, ஃபிரிஸ்கோ பக்கம் நிறைய எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) டிரைவ்வேல ஆர்வி நிறுத்த விடாது, மாச வாடகைக்கு ஸ்டோரேஜ் பாக்கணும். வடக்கு டெக்சாஸ் ஆலங்கட்டி மழைக்குக் கூரை போட்ட இடமா வேணும். டிரெய்லரோ மோட்டார்ஹோமோ, கூரைல இருக்கறது பெரும்பாலும் ரப்பர் மாதிரி ஷீட், விளிம்புல சீலன்ட். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏணி வெச்சு ஏறிப் பாக்கணும். ஒரு விரிசல்ல தண்ணி இறங்கினா உள்ள மரச்சட்டம் ஊறி, வெளிச்சுவர் உப்பிடும். அதுக்கப்புறம் விலையே கிடையாது. டயர் தேயாம நல்லா தெரியும், ஆனா வயசு போயிருக்கும். டயர் பக்கவாட்டுல இருக்கற டாட் (DOT) எண்ல கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச வாரமும் வருஷமும். ஆறு வருஷம் தாண்டினா மாத்தணும். வாடகை வண்டிலயும் இதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

ஹூஸ்டன்_மாமா
தம்பி, சனிக்கிழமை என்னாச்சு?

காரைக்குடி_ஆச்சி
ஆளையே காணோம். அட்வான்ஸ் கட்டிட்டாரோ?

பிளானோ_பையன்
கட்டல. 28 அடி கிளாஸ் சி வாடகைக்கு எடுத்தாச்சு. ஃபிஷிங் பிரிட்ஜ் ஃபுல், வெஸ்ட் யெல்லோஸ்டோன்ல தனியார் பார்க்ல இடம் கிடைச்சுது. என் தம்பி ஹைலேண்டரை ஓட்டிட்டு வர்றான். எல்லாருக்கும் நன்றி.

டென்வர்_தமிழ்
தம்பி வர்றாரா? அப்ப ஏழு பேர். படுக்கையை எண்ணினீங்களா?

மதுரை_மாப்ள
இதே இழையில கேட்டுக்கறேன். எங்ககிட்ட ஹோண்டா பைலட் இருக்கு, 22 அடி டிரெய்லர் இழுக்குமா?

ஸ்பானர்_செல்வம்
டூ வீல் டிரைவா, ஆல் வீல் டிரைவா? டூ வீல்னா 3,500, ஆல் வீல்னா 5,000. மஞ்சள் ஸ்டிக்கரையும் டிரெய்லர் ஜிவிடபிள்யூஆரையும் போடுங்க, அப்புறம் பேசலாம்.