அழகுன்னா என்னன்னு உங்களுக்கு முதலில் சொன்னது யார்? அனுபவங்களை எழுதுங்கள்

கீழைக்காற்று:
தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகத்தோடு கொடுக்கிற தாளில் 'நிறம்' என்று ஒரு கட்டம். தரகர் எங்களைக் கேட்காமலே 'மாநிறம்' என்பதை அடித்துவிட்டு 'சிவப்பு' என்று எழுதினார். "போட்டோவையும் கொஞ்சம் கலரா எடுத்துக் கொடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். சென்னையில் 2009லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று இயக்கம் தொடங்கியாயிற்று. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. கல்யாணத் தாளில் அந்தக் கட்டம் மட்டும் போகவில்லை. நிறத்தை வைத்து அழகை அளந்தவர்களையோ, வேறு விதமாகப் பார்த்தவர்களையோ நேரில் சந்தித்திருந்தால் எழுதுங்கள். அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

மல்லிகைப்பந்தல்:
நான் கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடுறவ. விருதுநகர் பக்கம். முகூர்த்த நாள்ல விடியக்காலையிலேயே மண்டபத்துல இருப்பேன். பொண்ணு வந்து உட்கார்றதுக்குள்ள யாராவது ஒரு சித்தியோ அத்தையோ என்னைத் தனியா கூப்பிட்டு, "ரெண்டு ஷேட் ஏத்திப் போடுங்க" என்பாங்க. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பேச்சு.

போன ஆவணியில ஒரு பொண்ணு. நல்ல கறுப்பு. கால்நடை மருத்துவமனையில வேலை, வெயில்ல அலையிற உடம்பு. மாப்பிள்ளையோட அம்மாவே நேரா ரூமுக்கு வந்துட்டாங்க. "பையன் பக்கத்துல நின்னா எடுப்பா தெரியணும்மா" என்றாங்க. அவங்க போகட்டும்னு இருந்துட்டு அந்தப் பொண்ணு என்கிட்ட, "அக்கா, என் கழுத்தப் பாத்துப் போடுங்க" என்றா. வேற ஒரு வார்த்தை இல்ல.

தொழில் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு சரியான பேச்சுன்னு புரியும். நம்ம ஆளுங்களுக்கு நெத்தியும் வாயைச் சுத்தின இடமும் கொஞ்சம் கருத்திருக்கும், கன்னம் வேற மாதிரி இருக்கும். கழுத்துதான் கணக்கு. தாடை ஓரத்துல ஃபவுண்டேஷனை ஒரு கோடு இழுத்து, கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கணும். காத்துப் பட்டா சிலது கருக்கும். கோடு தோலோட தோலா மறைஞ்சா அதுதான் அவங்க ஷேட். வெளுத்த ஷேடை ஏத்திப் பூசினா கறுப்பு முகம் சிவப்பாகாது, சாம்பல் பூத்துப்போகும். ஃப்ளாஷ் அடிச்சா முகம் தனியா, கழுத்து தனியா நிக்கும்.

கண்ணுக்குக் கீழயும் வாயோரத்துலயும் கருமையை மறைக்கிற ஆரஞ்சு கரெக்டரை மட்டும் மெல்லிசாத் தட்டி, மேல அவ ஷேடையே போட்டேன். அரக்குப் பட்டு, நெத்திச்சுட்டி, ஒத்தக்கல் மூக்குத்தி. அந்த நிறத்துல தங்கம் நிக்கிற மாதிரி வேற எதுலயும் நிக்காது, இத நான் சத்தியமா சொல்லுவேன். முடிஞ்சதும் அவளோட அப்பத்தா வந்து நாடியைப் பிடிச்சுத் தூக்கிப் பாத்துட்டு, "எங்காத்தா மாதிரியே இருக்கடீ" என்று சொல்லி அழுதுச்சு. போட்டோகூட இல்லாத ஒரு ஆத்தா முகத்தை அந்தக் கிழவி பேத்திகிட்டப் பாத்துச்சு. ரெண்டு ஷேட் ஏத்தியிருந்தா அந்த முகம் பூச்சுக்குள்ள போயிருக்கும்.

மாத்திரைத்தாள்:
அக்கா பூசுவதாவது ராத்திரி கழுவினால் போய்விடும். நான் பார்ப்பது போகாத பூச்சு. மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். தோலில் வரும் படைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் வாங்கிய ட்யூபை, "முகம் வெளுக்குதாமே" என்று மறுபடி கேட்டு வருகிறார்கள். அதில் இருப்பது பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் மாதிரியான ஸ்டீராய்டு. இந்த வகைக் களிம்புகளைச் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் அரசு இறுக்கியது. ஆனாலும் கேட்பவர்கள் குறையவில்லை, பையன்களே அதிகம்.

ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கன்னம் முழுக்கச் சிவந்து, தோலுக்கடியில் மெல்லிய ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிந்தன. வெயிலில் நின்றால் எரிகிறது, நிறுத்தினால் கொப்பளிக்கிறது, அதனால் இன்னொரு ட்யூப் வேண்டும் என்றான். "பொண்ணு பாக்கவா?" என்றேன். "இல்லண்ணே, வகுப்புல கூப்பிடுற பேரு" என்றான். கூட வந்த நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். ட்யூபைக் கொடுக்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

கம்பெனி விலாசமே இல்லாத டப்பா கிரீம்கள் இன்னும் மோசம். பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் சேர்க்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். 2023இல் கேரளத்தின் கோட்டக்கல்லில் வரிசையாக வந்த சிறுநீரக நோயாளிகளை விசாரித்த மருத்துவர்கள், பலர் இந்த வெளுப்புக் கிரீம்களைப் பூசியதைக் கண்டுபிடித்தார்கள். சிறுநீரில் புரதம் போகும், கால் வீங்கும். உங்கள் தங்கையிடம் யாராவது டப்பாவை நீட்டினால் தயவுசெய்து வாங்கிக் குப்பையில் போடுங்கள்.

கரும்பலகை:
பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒருநாள் பாடத்துக்கு வெளியே, வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27ஆம் பாட்டைச் சொன்னேன். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பால்போல, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் என் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறதே என்று தலைவி வருந்துகிறாள். மாமை என்பது மாந்தளிரின் நிறம். பிரிவில் உடம்பு வெளிறுவது பசலை. கடைசி பெஞ்சில் இருந்த பெண், "அப்ப வெளுத்துப்போனா அழகு போச்சுன்னு அழுதாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் பாட்டை மறுபடி சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

புதுவெள்ளம்:
மல்லிகைப்பந்தல் அக்கா, எனக்குத் தையில் கல்யாணம். நானும் கறுப்புதான். பார்லரில் என்ன சொல்லணும்?

மல்லிகைப்பந்தல்:
ட்ரையலுக்கு காலையிலயே போம்மா. முகத்துக்கு எதுவும் போடாம போ. ட்யூப்லைட்டுக்குக் கீழ ஷேட் பாக்க விடாத, ஜன்னலோரம் நின்னு கழுத்துல போட்டுக் காட்டச் சொல்லு. புடவைத் துணி கொஞ்சம் எடுத்துட்டுப் போ. ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ, போடாம ஒண்ணு எடுத்துப் பாரு. யாராவது ஏத்திப் போடலாமேன்னா, "வேண்டாம்"னு நீயே சொல்லு. கூட்டிட்டுப் போற ஆளையும் பாத்துக் கூட்டிட்டுப் போ.