கலைச்சொல் வேண்டும்: ஓட்டுநருக்கு அடியில் எஞ்சின் உள்ள வேன்

கோவை:
நண்பர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான நூலில் ஜப்பானிய வேன்களின் வரலாறு என் பங்கு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1967இல் வந்த டொயோட்டா ஹைஏஸ், 1973இல் வந்த நிசான் கேரவன் இரண்டுமே ‘கேப்ஓவர்’ அமைப்பு. முன்னிருக்கைகளுக்குக் கீழே எஞ்சின். ஜப்பானில் சிறுவண்டி வகைக்கு நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர் என்று வரம்பு. முன்னே நீளும் எஞ்சின் மூடியான பானெட்டுக்கு இடம் கொடுத்தால் ஆள் உட்காரும் இடம் குறையும். இந்த அமைப்புக்கு ஒரு சொல் தாருங்கள்.

மதுரை:
மூக்கிலி. பெயரிலி, நிகரிலி போல இயல்பான ஆக்கம். பார்த்த மாத்திரத்தில் புரியும். மூக்கு, முகம், முகப்பு, முகடு எல்லாம் முன்னே நீள்வதையோ உயர்ந்து நிற்பதையோ குறிக்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. முகில்கூட இந்தக் குடும்பம்தான். விரிவாக நாளை எழுதுகிறேன்.

சென்னை:
முகம் வடசொல் என்பாரும் உண்டு ஐயா, அந்த வழக்கை இங்கே திறக்க வேண்டாம். ‘பொறியூர் கூடுந்து’ என்பது என் பரிந்துரை. ஊர்தல் என்றால் ஒன்றின் மேலேறிச் செல்லுதல். ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்கிறது குறள். ஓட்டுநர் பொறியின் மேல் அமர்ந்துதானே போகிறார்? எஞ்சினுக்குப் பொறி, வேனுக்குக் கூடுந்து என்று நம்மிடம் சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

யாழ்ப்பாணம்:
மூக்கிலி சரிவராது ஐயா. 1966இல் வந்த முதல் மாஸ்டா போங்கோவுக்கும் மூக்கு இல்லை, ஆனால் எஞ்சின் பின்னால். 1990இல் வந்த டொயோட்டா எஸ்டிமாவுக்குச் சின்ன மூக்கு உண்டு, எஞ்சினோ 75 பாகை சரித்துப் படுக்கவைத்தபடி முன்னிருக்கைகளுக்குக் கீழே. நாம் பெயரிடுவது வண்டியின் முகத்துக்கா, எஞ்சின் இருக்கும் இடத்துக்கா?

1989 ஹைஏஸை இங்கே எல்லாரும் டொல்பின் என்றுதான் சொல்வார்கள். அதில் எஞ்சினைப் பார்க்க முன் சீற்றைத் தூக்க வேண்டும். தூரப் பயணம் போனால் அந்தச் சூடு சாரதியின் தொடையில் தெரியும். மாணவன் தூக்கப்போவது இருக்கையைத்தான். ‘இருக்கையடி எஞ்சின்’ என்றே எழுதலாமே.

திருச்சி:
வகுப்பெடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பொறியூர் என்று பலகையில் எழுதினால் பையன்கள் அதை ஊர்ப்பெயர் என்றே படிப்பார்கள். பொறிக்கு எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி என்று வேறு பொருள்களும் இருக்கின்றன. பட்டறையில் எஞ்சின்தான். இருக்கையடி எஞ்சினுக்கு என் ஆதரவு.

கோவை:
இன்னொன்று. 1960இல் வந்த மிட்சுபிஷி ரோசா, 1969இல் வந்த டொயோட்டா கோஸ்டர் போன்றவற்றை ஜப்பானில் ‘மைக்ரோபஸ்’ என்கிறார்கள். 11 முதல் 29 பேர் வரை. நுண்பேருந்து என்று போடவா?

திருச்சி:
வேண்டாம். தமிழ்நாட்டில் மினிபஸ்ஸுக்குச் சிற்றுந்து என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதுவே போதும்.

மதுரை:
நுண்பேருந்து கூடவே கூடாது. நுண்மையும் பெருமையும் ஒரே சொல்லில் மோதுகின்றன.

சென்னை:
சிற்றுந்தை ஏற்கிறேன். ஆனால் சிற்றுந்தில் உந்து வரலாமாம், கூடுந்தில் வரக்கூடாதாம். பட்டறையில் புழங்கவில்லை என்று ஒவ்வொரு சொல்லையும் தள்ளினால் எதுதான் புழக்கத்துக்கு வரும்? பேருந்தும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான்.

யாழ்ப்பாணம்:
பேருந்து என்ற சொல் நிலைத்தது, கேட்டதும் விளங்கியதால்.

கோவை:
அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் ‘இருக்கையடி எஞ்சின் வேன்’, ‘சிற்றுந்து’ இரண்டையும் போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் கேப்ஓவர் என்று தருவேன்.

சென்னை:
அப்படியானால் அந்த அடைப்புக்குள் பொறியூர் கூடுந்தையும் சேர்த்துவிடுங்கள். பத்து மாணவர் கண்ணில் பட்டாலும் போதும்.

மதுரை:
முகில் பற்றிய குறிப்பைத் தனி இழையில் இடுகிறேன்.