துரையின் ஊர் "சூடன்": ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் முன்னோர் பிறந்த இடம் தேடியவர்கள் சொல்லுங்கள்

மலைநாட்டான்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பாயியின் தாத்தா ஒரு துரை. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம், காப்பி போய்த் தேயிலை வந்த காலம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த அப்பாயியின் பாட்டிக்கும் அவருக்கும் கல்யாணம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் பிறந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கல்லறையில் பெயர், 1890, வயது 41, ராக்ஸ்பரோஷயர், ஸ்காட்லாந்து. மாவட்டம் இருக்கிறது, ஊர் இல்லை.

ஊரை அப்பாயி மட்டும் சொல்வார். "சூடன்." கோயில்ல கொளுத்துற சூடமா அப்பாயி என்று கேட்டால், "சூடம் இல்லடா, சூடன். தொரை ஊரு" என்று தலையில் ஒரு குட்டு.

நான் கிளாஸ்கோவுக்கு வந்து பதினொரு வருஷம். ராக்ஸ்பரோஷயர் பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி) பட்டியலை எத்தனை தடவை மேலும் கீழும் பார்த்திருப்பேன், அப்படி ஒரு பெயரே கிடையாது. போன வருஷம் ஹாயிக்கில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாவிடம் வெட்கப்பட்டுக்கொண்டே "சூடன்" என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். எழுத்தில் சவுத்டீன், வாயில் சூடன்! அந்தப் பெயரைப் பட்டியலில் நூறு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிதான் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

என்னை உறுத்துவது இதுவல்ல. மறுநாள் அந்த ஊருக்குப் போனேன். ஜெட் ஆற்றங்கரையில் பழைய தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது. 1388-ல் இங்கிலாந்தோடு நடந்த ஆட்டர்பர்ன் சண்டைக்குப் போன ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் கூடிய இடம் என்பார்கள். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நாயோடு வந்த ஒரு பெரியவர், "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று அன்பாகத்தான் கேட்டார். "நண்பன் ஒருவனுக்காக" என்று சொல்லிவிட்டேன். எனக்காக என்று வாயில் வரவில்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தோன்றிவிட்டது. பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரிந்த குடும்பமாகக்கூட இருந்திருக்கலாம்.

சவுத்டீன் பாரிஷ் பதிவேட்டில் துரையின் பெயரிலேயே இரண்டு பையன்கள், இரண்டு வருஷ வித்தியாசம். ஒரே தாத்தாவின் பேரன்கள். அங்கும் தலைமகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர்தான். யார் என் துரை என்று தெரியவில்லை.

எடின்பரோ வாசி

என் கதை சின்னது. மனைவியின் பாட்டனார் செல்கர்க் பக்கம் என்றார்கள், தேடினேன், கிடைத்தது. ஆனால் தம்பி, நீங்கள் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறீர்கள்.

முதலில் 1855-ஐ மனதில் வையுங்கள். அந்த வருஷம் ஜனவரி 1-ல்தான் ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது. முதல் வருஷ உற்சாகத்தில் பிறப்புச் சான்றில் அப்பா அம்மா எந்த ஊரில் பிறந்தார்கள், எங்கே கல்யாணம், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். இவ்வளவு வேலை தாங்காது என்று அடுத்த வருஷமே குறைத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் ஆளுக்கு 1855-ல் ஒரு தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால் அது லாட்டரி.

இரண்டாவது, குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கு. 1841-ல் "இதே மாவட்டமா, ஆம் இல்லை" அவ்வளவுதான். 1851-லிருந்துதான் பாரிஷ் பெயர். உங்கள் துரைக்கு அப்போது இரண்டு வயசு இருக்கும், நிச்சயம் இருப்பார்.

மூன்றாவது, வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய ஆறங்குல வரைபடங்கள் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) இலவசம். கூடவே சர்வே ஆட்கள் 1858 வாக்கில் ராக்ஸ்பரோஷயரில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பெயர்ப் புத்தகங்களையும் பாருங்கள். ஒவ்வொரு குடிசைக்கும் பெயர், இன்னாருடையது, ஆட்டுக்காரர் வீடு, பாழடைந்தது என்று குறிப்பு இருக்கும். அந்தப் பக்கத்து மேடுகளில் இன்று ஸ்ப்ரூஸ் காடு. வீடு மரத்துக்குள் போயிருந்தாலும் புத்தகத்தில் இருக்கும்.

இணையத்தில் பதிவேட்டுப் படம் ஒவ்வொன்றுக்கும் காசு. கண்டபடி திறக்காதீர்கள். கடைசியாக, பாரிஷ் பதிவேட்டில் இல்லை என்றால் அந்த ஊரில் பிறக்கவில்லை என்று அர்த்தம். இதில் குழப்பமே வேண்டாம்.

நார்தம்பர்லேண்ட் மருமகள்

மலைநாட்டான் அண்ணா, நீங்கள் சொன்ன அந்தப் பெரியவர் இடம் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் தேடுவது மாமியார். அவருடைய கொள்ளுத் தாத்தா எல்லை தாண்டி இங்கிலாந்துப் பக்கம் வந்த ஹைண்ட். அதாவது வருஷ ஒப்பந்தப் பண்ணையாள். கூலியில் பாதி மாவும் உருளைக்கிழங்கும். வயல் வேலைக்குத் தன் செலவில் ஒரு பெண்ணையும் கூட்டி வர வேண்டும், பாண்டேஜர் என்பார்கள். மே மாதம் வந்தால் அடுப்பு, கட்டில், கடிகாரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வேறு பண்ணை.

ஒரு ஞாயிறு சமையலறை மேசையில் குடிமதிப்புத் தாள்களைப் பரப்பினோம். ஆறு பிள்ளைகள், ஐந்து பாரிஷ். யெட்டம், மோர்பாட்டில், ஹூனம், லின்டன், மறுபடி யெட்டம், ஆக்ஸ்னம். சரி, தாத்தா பிறந்தது எங்கே? 1851-ல் யெட்டம் என்கிறார். 1861-ல் மோர்பாட்டில். 1871-ல் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார், அங்கே ஸ்காட்லாந்துக்காரருக்கு "ஸ்காட்லாந்து" என்று போட்டால் போதும். மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவருக்கே தெரியாது, இல்லையா?" என்றார். பால் பொங்கி வழிந்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஹூனம் பக்கம் அந்தப் பண்ணை வரிசை வீடு இருந்த இடத்துக்குப் போனோம். கற்குவியல், பக்கத்தில் ஒரு கூஸ்பெரிப் புதர். யாரோ வீட்டு வாசலில் நட்டதுதான் அது, காட்டில் தானாக வந்த மாதிரி இல்லை. மாமியார் ஒரு காயைப் பறித்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். துப்பவில்லை.

கிறுக்கல் படிப்பவன்

எடின்பரோ வாசி ஐயா, மற்றதெல்லாம் சரி, கடைசி வரி தப்பு. புதிதாகத் தேடுபவர்களை அது கெடுத்துவிடும்.

அந்தப் பதிவேடு அரசாங்கத்தின் திருச்சபைக்குரியது. எல்லைப்புறத்தில் பலர் அதை விட்டுப் பிரிந்தவர்கள். 1733-ல் ஒரு பிரிவு, 1761-ல் ரிலீஃப் சபை என்று இன்னொன்று. தங்கள் பிள்ளையின் பெயரை எதிர்க்கட்சிக் கோயில் புத்தகத்தில் எழுத யார் போவார்கள்? போதாக்குறைக்கு 1783 முதல் 1794 வரை ஒரு பெயர் பதிய மூன்று பென்ஸ் வரி. ஏழை ஆட்டுக்காரர் அந்தக் காசுக்கு வேறு வேலை வைத்திருப்பார். இதோடு பாரிஷையே கலைத்த கதையும் உண்டு. அபட்ரூல் என்ற பாரிஷை 1777-ல் பிரித்துச் சவுத்டீனுக்கும் ஹாப்கர்க்குக்கும் பங்கு போட்டுவிட்டார்கள்.

அப்புறம், ஆளே சொன்னாலும் நம்பக் கூடாது. எட்ரிக் ஆட்டுக்காரக் கவிஞர் ஜேம்ஸ் ஹாக், தான் 1772 ஜனவரி 25-ல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஜனவரி 25 என்பது புகழ்பெற்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள்! பதிவேட்டில் அவருக்கு ஞானஸ்நானம் 1770 டிசம்பர் 9.

என் சொந்த அனுபவம்: மைத்துனனின் மனைவி வழியில் ஒரு பெண்ணைத் தேடினேன். பிறப்பில் இல்லை, கல்யாணத்தில் இல்லை. கடைசியில் கர்க் செஷன் புத்தகத்தில் கிடைத்தாள். கோயில் பஞ்சாயத்து மாதிரி. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றதற்காக நிறுத்திக் கேள்வி கேட்டு, அப்பன் பெயரை அவள் சொல்ல மறுத்ததை எழுதியிருக்கிறார்கள். "மறுபடி கேட்கப்பட்டது. மறுபடி மறுத்தாள்." மூன்று வாரம் இதே வரி. அந்தப் புத்தகங்களின் படங்கள் 2021-லிருந்து இலவசம். அட்டவணை கிடையாது, பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

எடின்பரோ வாசி

நான் பொதுவாகச் சொன்னேன். விதிவிலக்கை விதியாக்காதீர்கள்.

மெட்ராஸ் பையன்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். ஹாயிக்கிலிருந்து ஜெட்பரோ போகும் வழியில் டென்ஹோம் என்று ஒரு ஊர். புல்வெளி நடுவே பெரிய நினைவுச் சின்னம், 1861-ல் வைத்தது. ஜான் லேடன், 1775-ல் அங்கே பிறந்தவர், 1803-ல் டாக்டர் வேலைக்கு எங்கள் மெட்ராஸுக்கு வந்தவர். என் மனைவி வழி முன்னோரும் அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்தான். கல் இல்லை, தேதி இல்லை, நாங்கள் அந்தச் சின்னத்தின் நிழலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு வந்தோம்.

நார்தம்பர்லேண்ட் மருமகள்

மலைநாட்டான் அண்ணா, இரண்டு பையன்களில் ஒருவரைக் கழிக்கப் பாருங்கள். 1871, 1881 குடிமதிப்பில் யார் ஊரிலேயே இருக்கிறார் என்று பார்த்தால் போதும். சின்ன வயதில் இறந்திருந்தால் 1855-க்குப் பிந்தைய இறப்புப் பதிவில் வரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு.

மலைநாட்டான்

நன்றி தங்கச்சி. நேற்று இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தேன். 1881-ல் மூத்தவன் அங்கேயே இருக்கிறான், ஆட்டுக்காரன், மனைவி, நான்கு பிள்ளைகள். இளையவன் 1871-ல் அப்பா வீட்டில், பண்ணை வேலை. அப்புறம் ஸ்காட்லாந்தில் எங்கேயும் இல்லை. வயதும் சரியாக வருகிறது.

மூத்தவனின் வம்சம் இன்னும் அந்தப் பக்கம் இருக்கலாம். அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவர் எந்த நேரத்தில் நாயைக் கூட்டிவருவார் என்று எனக்குத் தெரியும், காலை பத்தரை.