பேஸ்பால் டிக்கெட் எடுக்கும் முன் வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

டெக்சஸ், அரிசோனா, தெற்குக் கலிஃபோர்னியா ஆகிய இடங்களுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதன்முதலாகப் பேஸ்பால் ஆட்டம் பார்க்கச் செல்வது பெரும்பாலும் கோடையில்தான்; ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவதும் அதே மாதங்களில்தான். சென்னை வெயிலையும் மதுரை வெயிலையும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றுவது இயல்பு. ஊரில் வெயில் உறைத்தால் மரத்தடியிலோ கடை வாசலிலோ ஒதுங்கிக்கொள்வோம்; இங்கே எண் போட்ட ஒரே நாற்காலியில் ஆட்டம் முடியும்வரை உட்கார வேண்டும். ஆகவே இருக்கை எடுக்கும்போது, ஆடுகளத்துக்கு எவ்வளவு அருகில் என்பதைவிட, ஆட்டம் நடக்கும் நேரத்தில் சூரியன் எங்கே இருக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மைதானத்துக்கு மூடக்கூடிய கூரை இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஃபீனிக்ஸில் 1998-இல் திறக்கப்பட்ட சேஸ் ஃபீல்ட், ஹூஸ்டனில் 2000-இல் திறக்கப்பட்டு இப்போது டைகின் பார்க் என்று அழைக்கப்படும் மைதானம், டல்லாஸை அடுத்த ஆர்லிங்டனில் 2020-இல் திறக்கப்பட்ட குளோப் லைஃப் ஃபீல்ட் ஆகிய மூன்றும் திறந்து மூடும் கூரையும் குளிர்சாதன வசதியும் உடையவை. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி 1994-இல் புதிதாகக் கட்டிக் குடியேறிய திறந்தவெளி மைதானத்தை 2019-உடன் விட்டு வந்ததற்குக் கோடை வெப்பம் முக்கியக் காரணம் என்பதிலிருந்தே அந்த ஊர் வெயிலின் தன்மையை ஊகித்துக்கொள்ளலாம். கூரை மூடியிருக்கும் நாளில் வயதானவர்களுக்கு ஒரு மெல்லிய சால்வைகூடத் தேவைப்படும்.

சிக்கல் திறந்தவெளி மைதானங்களில்தான். லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியமும், ஃப்ரிஸ்கோ, ரவுண்ட் ராக் போன்ற நம்மவர் நிறைந்த ஊர்களில் இருக்கும் மைனர் லீக் (பெரிய அணிகளுக்கு அடுத்த நிலை அணிகள் ஆடும் போட்டி) மைதானங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கே முதலில் நம்மை ஏமாற்றுவது கடிகாரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், டல்லாஸில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில்தான். எனவே ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் என்றால் அது உச்சி வெயிலில் தொடங்கி, வெப்பம் ஏறிக்கொண்டே போகும் நேரத்தில் முடிகிறது. ஏழு மணி ஆட்டத்தை இரவு ஆட்டம் என்று நம்பி எந்த இருக்கையையும் எடுத்துவிடக் கூடாது. ஜூன் இறுதியில் டல்லாஸில் சூரியன் மறைவது எட்டரை மணிக்கு மேல். 2023-இல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு ஒரு ஆட்டம் சராசரியாகச் சுமார் 2 மணி 40 நிமிடம் நீடிக்கிறது என்பதால், அந்த இரவு ஆட்டத்தின் முதற்பாதி வெயிலில்தான் நடக்கிறது.

அடுத்தது திசை. பேட்டருக்குப் பின்னால் நின்று ஆடுகளத்தைப் பார்த்தால் வலப்புறம் ஃபர்ஸ்ட் பேஸ், இடப்புறம் தேர்ட் பேஸ் (பேஸ் என்பது ஆட்டக்காரர் ஓடித் தொட வேண்டிய இடம்). மாலை வெயில் பேட்டரின் கண்ணில் அடிக்காமல் இருக்க, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து நேர் எதிரே உள்ள செகண்ட் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக அமைவது நல்லது என்று ஆட்ட விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. அவ்வாறு அமைந்த மைதானத்தில் தேர்ட் பேஸ் பக்க இருக்கைகள் மேற்குக்கும் வடமேற்குக்கும் முதுகு காட்டி இருக்கும். கோடையில் சூரியன் நேர் மேற்கில் அல்லாமல் சற்று வடக்கே தள்ளி மறைவதால், மாலை ஆட்டத்தில் முதலில் நிழல் விழுவது அங்கேதான். நேர் எதிரே, வலப்புற அவுட்ஃபீல்டுக்கு (பேஸ்களுக்கு அப்பாலுள்ள புல்வெளி) பின்னால் உட்காருபவர்கள் சூரியன் மறையும்வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஆட்டம் பார்க்க வேண்டும். டாட்ஜர் ஸ்டேடியம் இன்னும் சற்று வடக்கு நோக்கியிருந்தாலும் அங்கும் மாலையில் தேர்ட் பேஸ் பக்கமே மேல். உள்ளூர் அணி வீரர்கள் அமரும் டக்அவுட்டும் அந்தப் பக்கமே இருக்கிறது.

ஆனால் இதை எல்லா மாதத்துக்கும் பொதுவாகக் கொள்ள வேண்டாம். பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் வரை ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள சிறு மைதானங்களில் 15 பெரிய அணிகள் பயிற்சி ஆட்டம் ஆடுகின்றன. பெரும்பாலானவை பிற்பகல் ஒரு மணியை ஒட்டித் தொடங்கும். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், மேலே சொன்ன அமைப்புள்ள மைதானத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலும் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமும்தான் வெயில் முதுகுப்புறம் வரும். சாண்ட்லரில் இருக்கும் நம்மவர்கள் அவுட்ஃபீல்டின் புல்சரிவில் போர்வை விரித்து உட்காருவதை விரும்புகிறார்கள். விலை குறைவு, குழந்தைகள் ஓடியாடலாம். நிழல் என்ற பேச்சுக்கு மட்டும் இடமில்லை.

எல்லா மைதானமும் விதிப் புத்தகப்படி அமைவதில்லை. டிக்கெட் விற்கும் தளத்தின் வரைபடத்திலோ வடக்கு எது என்ற குறி பெரும்பாலும் இருக்காது. ஆகவே கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து, செம்மண் நிறத்தில் தெரியும் ஹோம் பிளேட் மூலையைக் கண்டுபிடித்து, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். படத்தின் மேற்புறம் வடக்கு. அந்தப் படத்தில் தெரியும் நிழலை மட்டும் நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ எடுக்கப்படுபவை. மாலை நிழல் விழும் பக்கமே வேறு.

பக்கத்தைவிட வரிசை எண் முக்கியமாகிவிடும் நேரமும் உண்டு. சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான், மேலே கூரை இருந்தால் மட்டுமே நிழல். கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளுக்கு மேல்தளமே கூரையாக நீண்டிருக்கும். அதிக விலை கொடுத்து வாங்கும் முன் வரிசைகளுக்கு எந்த மறைப்பும் கிடையாது. உச்சித் தளம் பல இடங்களில் முழு வெயில். கடைசி வரிசையில் உயரே எழும் பந்து சில நொடிகள் கண்ணுக்கு மறையும் என்ற குறை உண்டு. அதை நான் பெரிதாக நினைப்பதில்லை. பல மைதானங்களில் அந்த வரிசைகள் நடைபாதையை ஒட்டியே இருப்பதால், முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவைப் படி இறக்கி ஏற்ற வேண்டிய பாடும் இல்லை. எந்த வரிசையிலிருந்து நிழல் தொடங்கும் என்பதைப் பல மைதானங்களின் டிக்கெட் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

மைனர் லீக் மைதானங்கள் சிலவற்றில் முதுகுச் சாய்வில்லாத அலுமினிய பெஞ்சுகள் இருக்கும். அரைக்கால் சட்டை போட்ட குழந்தை அதில் உட்கார்ந்த மறுகணமே துள்ளி எழுந்துவிடும் அளவுக்கு அவை சுடும். விரித்துப்போட ஒரு பருத்தித் துண்டு எடுத்துச் செல்லுங்கள். குடை கொண்டுபோய்ப் பயனில்லை, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பதால் இருக்கைப் பகுதியில் விரிக்க விட மாட்டார்கள். உள்ளே கொண்டுபோகக்கூடிய பையின் வகை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றுக்கான விதி மைதானத்துக்கு மைதானம் மாறும். எவர்சில்வர் பாட்டிலை வாசலிலேயே நிறுத்திவிடுவது வழக்கம் என்பதால், கிளம்பும் முன் அந்த மைதானத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளவும்.

டல்லாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் கிராண்ட் ப்ரேரி மைதானம் 2008-இல் பேஸ்பாலுக்காகத் திறக்கப்பட்டு, பின்னர் கிரிக்கெட்டுக்காக மாற்றியமைக்கப்பட்டது. 2023 முதல் அங்கே கோடையில் கிரிக்கெட் நடக்கிறது. மஞ்சள் ஜெர்சியோடு அங்கே செல்பவர்களும் டிக்கெட் எடுக்கும் முன் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.