செயலி விமர்சனத் தளங்களை நம்பிச் செயலியை நிறுவலாமா?

நுண்ணோக்கி:
செயலி விமர்சனம் என்ற பெயரில் வெளியாகும் கட்டுரைகளில் பல, செயலியைத் திறந்துகூடப் பார்க்காமல் எழுதப்பட்டவை என்பதே என் வாதம். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றைப் பற்றி அண்மையில் படித்த விமர்சனத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதிலிருந்த படங்கள் அனைத்தும் ஆப்பிளின் செயலிக் கடையான ஆப் ஸ்டோர் பக்கத்தில் உருவாக்குநரே வைத்திருக்கும் விளம்பரப் படங்கள். அவற்றின் தலையில் இருந்த விளம்பர வாசகத்தைக்கூட எவரும் வெட்டி எடுக்கவில்லை. 'முற்றிலும் இலவசம்' என்று எழுதியவர், இரண்டு பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பார்த்திருந்தால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செயலியின் முத்திரை விழுவதையும், அதை நீக்குவதற்கு வாராந்தரச் சந்தா கேட்கப்படுவதையும் கண்டிருப்பார். எந்தப் பதிப்பைச் சோதித்தார், எந்தக் கைபேசியில் சோதித்தார், எத்தனை நாள் பயன்படுத்தினார் என்ற விவரம் எதுவும் இல்லை. ஆனால் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் மட்டும் இருந்தது.

பழையநிரலர்:
இத்தகைய தளங்களுக்குச் சில காலம் எழுதியவன் என்ற முறையில் மறுக்கிறேன். எழுதுபவரின் சோம்பலை மட்டும் பார்க்கும் நீங்கள், அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கவில்லை. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டபோது அதில் இருந்தவை ஏறத்தாழ 500 செயலிகள். ஒரு சிறு குழு நினைத்திருந்தால் அனைத்தையும் சோதித்திருக்கலாம். இன்று பல லட்சம். விமர்சனத்தில் உள்ள இணைப்பின் வழியே வாசகர் செயலியை வாங்கினால் தளத்துக்குக் கிடைத்து வந்த தரகுத் தொகையையும் ஆப்பிள் நிறுவனம் 2018 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. விளையாட்டுச் செயலிகளை உண்மையாகவே விளையாடிப் பார்த்து எழுதிய டச்ஆர்கேட் போன்ற தளமே, இனி எப்படித் தாக்குப்பிடிப்பது என்று வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. அதன் பிறகு விளம்பரமும் பட்டியல் கட்டுரைகளும்தானே மிஞ்சும்?

நுண்ணோக்கி:
வருமானம் இல்லை என்றால் எழுதாமல் இருக்கலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதற்கு அது எப்படிக் காரணமாகும்? சில தளங்கள் 'விரைவு விமர்சனம்' என்று உருவாக்குநரிடம் கட்டணம் வாங்குகின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள பணத்தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று 2009இலேயே வழிகாட்டுதலைத் திருத்தியது. அடுத்த ஆண்டே ரெவெர்ப் கம்யூனிகேஷன்ஸ் என்ற மக்கள்தொடர்பு நிறுவனத்தின் மீது நடவடிக்கையும் எடுத்தது.

பழையநிரலர்:
நீங்கள் சொல்லும் ரெவெர்ப் வழக்கு என் பக்கமே பேசுகிறது, நண்பரே. அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் எழுதியது விமர்சனத் தளத்தில் அன்று. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையிலேயே, சாதாரண வாடிக்கையாளர்களைப் போல, தங்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களின் விளையாட்டுகளைப் புகழ்ந்து எழுதினார்கள். தளங்களை ஒழித்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சப்போவது அந்த நட்சத்திரங்கள்தான். விரைவுக் கட்டணம் வரிசையில் முந்துவதற்கே தவிர, தீர்ப்புக்கு அன்று.

இடைவரி:
இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் தீர்ப்புக்கு அன்று என்றால், கட்டணம் செலுத்தியும் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்ற செயலி எத்தனை என்பதைத் தளம் காட்ட வேண்டும். அத்தகைய ஒன்றை இதுவரை நான் கண்டதில்லை. பணம் கொடுக்காமலே செயலியைப் பதிவிறக்க உருவாக்குநர் தரும் இலவசக் குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஆப்பிள் ஒரு பதிப்புக்கு 100 குறியீடுகள் வரை தருகிறது, ஆனால் அப்படிப் பெற்றவர் கடைக்குள் மதிப்பீடு அளிக்க முடியாது. கடைக்கு இருக்கும் அந்த எச்சரிக்கை, அதே குறியீட்டைப் பெற்று எழுதும் தளத்துக்கு இல்லை.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது தேதி மோசடி. 'சிறந்த 10 குறிப்பேட்டுச் செயலிகள்' என்ற பழைய கட்டுரையின் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றிப் புதிது போல வெளியிடுகிறார்கள். பட்டியலில் ஆறாவதாக உள்ள செயலியின் இணைப்பைத் தொட்டால், அது கடையிலிருந்து நீக்கப்பட்டு வெகுகாலமாகிவிட்டது என்று தெரிகிறது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் செயலி என்று அதே பட்டியல் புகழ்ந்த இன்னொன்று, இப்போது சந்தாவுக்கு மாறி, பழைய குறிப்புகளைத் திறப்பதற்கே பணம் கேட்கிறது. செயலி என்பது மாதத்துக்கு இருமுறை மாறக்கூடிய பொருள். பதிப்பு எண் இல்லாத விமர்சனம் எந்தச் செயலியைப் பற்றியது என்றே சொல்ல முடியாது.

பழையநிரலர்:
பதிப்பு எண் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதை எழுதச் செலவும் இல்லை. ஆனால் மேம்படுத்தல் வரும்போதெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது எந்தத் தளத்தாலும் ஆகாத காரியம். குறியீட்டைப் பொறுத்தவரை, நூல் விமர்சகரும் இலவசப் பிரதியைத்தானே படிக்கிறார்?

நுண்ணோக்கி:
அவர் படிக்கிறார் என்பதுதான் வேறுபாடு.

இடைவரி:
மறுபடி சோதிக்க முடியாவிட்டால் பழைய தேதியை அப்படியே விட்டுவைக்கலாமே? அதற்கும் செலவு இல்லை. செயலியால் எதைச் செய்ய முடியவில்லை, சந்தாவை ரத்து செய்யும் பக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எழுதும் சிலரை மட்டுமே நான் இப்போது படிக்கிறேன்.

பழையநிரலர்:
அத்தகைய கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன், அம்மா. 'சிறந்த 10' பட்டியலுக்குத் தேடுபொறி வழியே வருவோரில் சிறு பகுதியினர்கூட அவற்றின் பக்கம் வரவில்லை. தள உரிமையாளர் அடுத்த மாதமும் என்னிடம் பட்டியலைத்தான் கேட்டார்.