மறு: பலாட்சோ = அரண்மனை?

> இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஸ்ட்ரோட்சி குடும்பம் கட்டிய பலாட்சோவை (பெரிய கட்டடத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்) 'அரண்மனை' என்றே எழுதிவிடலாமே? கோட்டை மாதிரி கல்சுவர், மூன்று அடுக்கு. புதுச்சொல் எதற்கு?

சுவர் கோட்டை மாதிரிதான். ஆனால் உள்ளே அரசர் இல்லையே! 1489இல் கடைக்கால் போட்டபோது புளோரன்ஸ் பெயரளவிலாவது குடியரசு. கட்டியவர் பிலிப்போ ஸ்ட்ரோட்சி, வங்கித் தொழில் செய்தவர். ஊரைத் திரைமறைவில் ஆட்டிப்படைத்த மெடிச்சி குடும்பத்தார் 1434இல் அவருடைய தந்தையை நாடு கடத்தினார்கள். மகன் நேப்பிள்ஸில் பணம் சேர்த்தார், தடை நீங்கியதும் 1466இல் ஊர் திரும்பினார். இழந்த பெயரை ஊர் நடுவில் கல்லால் நிறுத்திக் காட்ட வேண்டும் அவருக்கு. சோதிடர்களிடம் நாள் குறித்துத்தான் வேலையைத் தொடங்கினார். எதிரே மருந்துக்கடை வைத்திருந்த லாந்துச்சி, புழுதியும் கல் சுமந்த கழுதைகளும் கடைக்காரர்களைப் படுத்திய பாட்டைத் தன் நாட்குறிப்பில் புலம்பித் தள்ளியிருக்கிறார்.

பிலிப்போ 1491லேயே இறந்துவிட்டார். கட்டடத்தை முடிக்கவும், அது ஆண்வழி வாரிசுகளை விட்டு வெளியே போகாமல் இருக்கவும் உயிலில் வழிசெய்திருந்தார். பிற்பாடு புளோரன்ஸுக்கு உண்மையிலேயே ஓர் ஆட்சியாளர், அதே மெடிச்சி குடும்பத்து டியூக் முதலாம் கோசிமோ, வாய்த்தபோது அவர் செய்தது என்ன? 1538இல் அதைப் பறிமுதல் செய்தார்! முப்பது ஆண்டு கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் 1937 வரை ஸ்ட்ரோட்சிகளிடமே இருந்தது. இதைப் போய் அரண்மனை என்றால் கதையே தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை: குலமாளிகை. 'குடிமாளிகை' என்றும் யோசித்தேன், மதுக்கடை ஞாபகம் வருகிறது. 'நகர்மாளிகை' என்றால் நகராட்சி அலுவலகம் என்று நினைப்பார்கள்.

*

> என் பரிந்துரை: குலமாளிகை

குலம் என்றதும் சாதி வாடை அடிக்கிறதே ஐயா. அப்புறம், அதே ஊரில் உள்ள பலாட்சோ வெக்கியோ குடியரசின் ஆட்சிக்குழு இருந்த கட்டடம். அது எந்தக் குலத்தின் மாளிகை?

*

சரியான கேள்வி. பலாட்சோ என்ற பொதுச்சொல்லுக்கு 'மாளிகை' போதும், வெக்கியோ அதில் அடங்கிவிடும். ஒரு குடும்பம் தன் பெயருக்காகக் கட்டியதை மட்டும் குலமாளிகை என்போம்.

சாதி வாடை பற்றி: குலதெய்வம், குலக்கொழுந்து என்று பரம்பரையைக் குறித்தும் நாம் பேசுகிறோம்தானே. ஸ்ட்ரோட்சிகளோ தங்கள் சின்னமான பிறைநிலவைச் சன்னல் மேலெல்லாம் செதுக்கி வைத்தவர்கள். அவர்களுக்குக் 'குலம்' பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு வரை பார்த்துவிட்டு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.