சிரையில் ரத்தம் எடுக்கிறோம், ஏபிஜிக்கு மட்டும் ஏன் தமனி?

கேள்வி – லேப்மாணவி
சுகர், கொலஸ்ட்ரால் எல்லாத்துக்கும் முழங்கை மடிப்புச் சிரையில்தான் எடுக்கிறோம். ஏபிஜிக்கு (ரத்தத்தில் ஆக்சிஜன் மாதிரி வாயுக்களைப் பார்க்கிற டெஸ்டு) மட்டும் மணிக்கட்டுத் தமனி. ஏன் மாத்தி எடுக்கக் கூடாது? சிலருக்கு எடுத்த இடம் நீலமா வீங்குதே, அது எதனால?

பதில் – உடலியல்வாத்தியார்
ரெண்டு குழாய்க்கும் சுவரில் மூணு அடுக்குதான். உள்ளே எண்டோதீலியம்னு வழவழப்பான செல் படலம், நடுவில் தசையும் மீள்நாரும், வெளியே கொலாஜன் உறை. தமனியில் நடு அடுக்கு தடிப்பு. 120/80 அழுத்தத்தை அதுதானே தாங்கணும். படுத்திருக்கும்போது கைச் சிரையில் சுமார் 10 மி.மீ. பாதரசம்தான். சுவர் மெல்லிசு, தோலுக்கு அடியிலேயே இருக்கும், குத்தின ஓட்டையும் சீக்கிரம் அடைபடும். வழக்கமான டெஸ்டுக்கு இது போதும்.

ஆக்சிஜன் கதை வேற. சிரை ரத்தம் திசுக்கள் எடுத்துக்கிட்டது போக மிச்சம். அதில் ஆக்சிஜன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம் வாக்கில் இருக்கும். தமனியில் 80 முதல் 100. நுரையீரல் எப்படி வேலை செய்யுதுன்னு தமனியைக் கேட்டால்தான் தெரியும்.

பதில் – ஊசிக்கை
வீக்கத்துக்கு வருவோம். டூர்னிகெட்டை (சிரை புடைக்கக் கையில் இறுக்கும் கட்டு) அவிழ்க்காமலே ஊசியை உருவினால், உள்ளே தேங்கின ரத்தம் ஓட்டை வழியா திசுவுக்குள்ள கசியும். முதலில் கட்டை அவிழ்க்கணும், அப்புறம்தான் ஊசி. பஞ்சை வெச்சு முழங்கையை மடக்கச் சொல்றதும் தப்பு. கையை நீட்டி வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் அழுத்தணும்.

கட்டு ஒரு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர் வெளியேறி புரதம் கூடுதலாக் காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியம் பொய்யா ஏறும், டாக்டர் வீணா பதறுவார். மடிப்பின் உள்பக்கச் சிரையைக் கூடியவரை தவிருங்க. பக்கத்திலேயே பிராக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் போகுது.

பதில் – ஐசியூநைட்
ஏபிஜிக்கு ஹெபரின் (ரத்தம் உறையாம தடுக்கும் மருந்து) போட்ட சிரிஞ்சு, 45 டிகிரி சாய்வு. எடுத்ததும் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்க, இல்லேன்னா ஆக்சிஜன் அளவு மாறிடும். குறைஞ்சது 5 நிமிஷம் அழுத்தணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இன்னும் அதிகம். நிறத்தை நம்பாதீங்க. ஆக்சிஜன் குறைஞ்ச நோயாளிக்குத் தமனி ரத்தமும் கருஞ்சிவப்புதான். சிரிஞ்சு தானா துடிச்சு ஏறுதான்னு பாருங்க.

லேப்மாணவி
நன்றி சார். அதுக்கு முன்னாடி ஆலன் டெஸ்ட் கட்டாயமா?

ஐசியூநைட்
செய்துடுங்கம்மா. மணிக்கட்டில் ஊசி போடுற தமனி அடைபட்டாலும் மத்தது கைக்கு ரத்தம் தருமான்னு பார்க்கத்தான் இது. மணிக்கட்டின் ரெண்டு தமனியையும் அழுத்தி உள்ளங்கை வெளுத்ததும் அல்நார் பக்கத்தை (சுண்டுவிரல் பக்கத் தமனி) மட்டும் விடுங்க. 5 முதல் 10 விநாடிக்குள் சிவப்பு திரும்பலைன்னா அந்தக் கையை விட்டுட்டு மறு கையைப் பாருங்க.